முட்டுக்காலுக்கு மூட்டு மாற்று அறுவை: எக்ஸ்ரே முதல் பெருவிரல் அசையும் நேரம் வரை

போன மாதம் முக்கூடலிலிருந்து ஓர் ஆச்சியை அழைத்து வந்தார்கள். நாற்பது வருஷம் பீடி சுற்றியவர். மூட்டு மாற்றி எட்டு நாள் ஆகியிருந்தது. கூடவே மகளும், பக்கத்து வீட்டு மதினியும். மதினிக்கு இரண்டு வருஷம் முன்பே மூட்டு மாற்றியாகிவிட்டதால் எல்லாக் கேள்விக்கும் பதில் அவரிடமே இருந்தது. "எனக்கு மூணாம் நாளே படி ஏறச் சொல்லிட்டாவ. இவியளுக்கு மட்டும் எதுக்கு இந்தப் பெல்ட்டு?" என்றார்.

மதினியின் கால் வில் மாதிரி வெளியே வளைந்திருந்த கால். ஆச்சியுடையது முட்டி இரண்டும் உள்ளே தட்டி, பாதம் வெளியே விலகி நின்ற கால். இதைத்தான் முட்டுக்கால் என்கிறோம். இரண்டுக்கும் மாற்றுவது அதே மூட்டுதான். ஆனால் உள்ளே இறுகியிருக்கும் பக்கம் ஒன்றுக்கொன்று நேர் எதிர். மூட்டு மாற்ற வருகிறவர்களில் பத்தில் ஒருவருக்குத்தான் முட்டுக்கால் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. அதனால் தெருவில் கிடைக்கும் அறிவுரை எல்லாம் வில்கால்காரர்கள் சொல்வது.

நான் பாளையங்கோட்டையில் பிசியோதெரபிஸ்ட். கத்தி பிடிப்பது என் வேலை இல்லை. தியேட்டரில் ஓரமாக நின்று பார்த்ததையும், டாக்டர்களிடம் கேட்டதையும், நடக்கப் பழக்கும்போது கண்டதையும் வரிசையாக எழுதுகிறேன். முடிவெடுக்க வேண்டியவர் உங்கள் டாக்டர். எந்தக் கேள்வியை எப்போது கேட்பது என்பதற்குத்தான் இது.

1. நிற்க வைத்துப் பாருங்கள்

செருப்பில்லாமல், முட்டி இரண்டும் லேசாகத் தொடும்படி நிற்கச் சொல்லுங்கள். கணுக்கால்கள் சேராமல் நடுவில் இடைவெளி விழுந்தால் அது முட்டுக்கால். புடவையை முட்டிக்கு மேல் தூக்கிப் பிடித்து, முன்னாலிருந்து ஒன்று, பின்னாலிருந்து ஒன்று எனப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அறுவைக்குப் பிறகு "கால் நேராகலையோ" என்ற சந்தேகம் வரும்போது உதவும்.

பின்னாலிருந்து எடுத்த படத்தில் குதிகாலையும் பாருங்கள். பல வருஷ முட்டுக்காலில் பாதத்தின் வளைவு தட்டையாகி, குதிகால் வெளியே சாய்ந்திருக்கும். செருப்பின் உள்பக்கம் தேய்ந்திருப்பது அதன் அடையாளம். மூட்டை மட்டும் நேராக்கிவிட்டுப் பாதத்தைக் கவனிக்காமல் விட்டால், அந்தச் சாய்வு புது மூட்டையும் உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். பழைய செருப்பையே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டலாம், தப்பே இல்லை.

2. எக்ஸ்ரேயை நின்றுகொண்டே எடுங்கள்

புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழும் முதல் இடம் இதுதான். வலிக்கிறதே என்று படுக்க வைத்து எடுத்த படத்தோடு வருவார்கள். படுத்தால் உடம்பின் பாரம் மூட்டில் இறங்காது. தேய்ந்த இடம் திறந்துகொண்டு, கோணல் பாதியாகத் தெரியும். பாரம் இறங்கி நிற்கும் படத்தை வைத்துத்தான் கணக்குப் போட முடியும்.

நின்றாலும் பாதத்தை நேராக வைத்து எடுத்தால் போதாது. முட்டுக்காலில் முட்டிக்குக் கீழே கால் வெளிப்பக்கம் திருகியிருக்கும். பாதத்தை நேராக்கினால் முட்டிச்சில்லு உள்ளே திரும்பிவிடும், கோணக் கணக்கும் தப்பும். சில்லு, அதாவது நம்ம ஊர்ச் சிரட்டை, கேமராவைப் பார்க்க வேண்டும். பாதம் எந்தப் பக்கம் போனாலும் போகட்டும்.

கேட்டு வாங்க வேண்டிய படங்கள்: இரண்டு முட்டியும் நின்ற நிலையில், பக்கவாட்டில் ஒன்று, சிரட்டை அதன் பள்ளத்தில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று காட்டும் படம் ஒன்று, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை முழுக்காலும் ஒரே படமாக ஒன்று. முட்டியைக் கொஞ்சம் மடக்கி நின்று எடுக்கும் படத்தை டாக்டர் கேட்டால் அலுத்துக்கொள்ளாதீர்கள். முட்டுக்காலில் தேய்மானம் பெரும்பாலும் வெளிப்பக்கத்தின் பின்பகுதியில் இருக்கும். நேராக நின்று எடுத்த படம் அதை மறைத்துவிடும்.

முழுக்கால் படம் எல்லா ஸ்கேன் சென்டரிலும் எடுப்பதில்லை. களக்காட்டிலிருந்தோ கடையத்திலிருந்தோ வருகிறவர்கள் திருநெல்வேலி வண்ணார்பேட்டைக்குப் பஸ் ஏறும் முன் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

3. கோணல் ஏன் வந்தது என்ற விவரத்தைக் கையில் வைத்திருங்கள்

வயது ஏறித் தேய்வது ஒரு காரணம். ஆனால் முட்டுக்காலோடு வருகிறவர்களில் முடக்குவாதக்காரர்கள் கணிசம். சிறுவயதில் எலும்பு பலமில்லாமல் வளைந்தது, பைக் விபத்தில் முட்டியின் வெளிப்பக்க எலும்பு நொறுங்கி உட்கார்ந்தது, முன்பே காலை நேராக்க எலும்பை வெட்டி வைத்தது என்று மற்றக் காரணங்களும் உண்டு. காரணத்தைப் பொறுத்து வேலை மாறும். பழைய பிளேட், ஸ்க்ரூ உள்ளே இருந்தால் அதை முதலில் எடுக்க வேண்டியிருக்கலாம்.

முடக்குவாத மாத்திரைகளின் பட்டியலை அப்படியே எடுத்துப் போங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். சிலதைத் தொடர வேண்டும், சில ஊசிகளை அறுவைக்கு முன் தள்ளிவைக்க வேண்டும். முட்டிக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் தேதியைச் சொல்லுங்கள். போட்டு மூன்று மாதமாவது தாண்டட்டும் என்பார்கள், சீக்கிரம் அறுத்தால் சீழ் பிடிக்கும் அபாயம் கூடுகிறது.

சர்க்கரை, ரத்த அளவு, சிறுநீர்க் கிருமி, சொத்தைப் பல் எல்லாம் எப்படியும் பார்ப்பார்கள். நம்ம பக்கத்தில் விட்டுப்போவது இரண்டு. ஒன்று பித்தவெடிப்பு. வயல் வேலைக்குப் போகிறவர்களின் குதிகால் வெடிப்பில் கிருமி தங்கியிருக்கும், அது ஆறாமல் மூட்டு வைக்கக் கூடாது. இன்னொன்று வெற்றிலையோடு மெல்லும் புகையிலை. "பீடி குடிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விடுவார்கள். புகையிலை எந்த வடிவத்தில் போனாலும் காயம் ஆறத் தாமதமாகும். ஒரு மாதத்துக்கு முன்னாடியாவது விட வேண்டும். அப்புறம், மூலிகை எண்ணெய் சூடாகப் போட்டுக் கட்டி, தோல் கொப்பளித்த காலோடு வந்தால் தேதி தள்ளிப்போகும்.

4. தள்ளிப் பார்க்கும் சோதனையில் என்ன தெரிந்தது என்று கேளுங்கள்

டாக்டர் நோயாளியைப் படுக்க வைத்து, ஒரு கையால் முட்டியைப் பிடித்து, இன்னொரு கையால் கணுக்காலை உள்ளே தள்ளுவார். பிறகு வெளியே இழுப்பார். அரை நிமிஷ வேலைதான், ஆனால் பாதி முடிவு அதில் இருக்கிறது.

முதல் தள்ளலில் கால் நேராக வருகிறதா, விறைத்து நிற்கிறதா என்று தெரியும். வெளியே இழுக்கும்போது முட்டியின் உள்பக்கத்து லிகமென்ட், அதாவது எலும்புகளைச் சேர்த்துப் பிடிக்கும் நார், எங்கேயாவது பிடித்து நிறுத்துகிறதா, பிடிமானமே இல்லாமல் போகிறதா என்று தெரியும். முட்டுக்காலில் வெளிப்பக்கம் சுருங்கி இறுகும், உள்பக்கம் இழுபட்டு இழுபட்டுத் தொய்யும். பழைய கயிற்றுக் கட்டிலில் ஒரு பக்கம் தொட்டிலாகிவிட்டதைப் போல.

டாக்டர்கள் இதை மூன்று தரமாகப் பிரிக்கிறார்கள். கோணல் 10 டிகிரிக்குள், தள்ளினால் நேராகிறது, உள்பக்கம் பலமாக இருக்கிறது என்றால் முதல் தரம். பெரும்பாலானவர்கள் இதில்தான் வருவார்கள். 10 முதல் 20 டிகிரி வரை, உள்பக்கம் நீண்டிருந்தாலும் இன்னும் பிடிக்கிறது என்றால் இரண்டாவது. 20 டிகிரியைத் தாண்டி, உள்பக்கம் வேலையே செய்யவில்லை என்றால் மூன்றாவது. உங்கள் வீட்டுக் கால் எந்தத் தரம் என்று நேரடியாகக் கேளுங்கள். அடுத்த மூன்று படிகளும் இந்தப் பதிலில் தொங்குகின்றன.

ஆரோக்கியமான காலும் ஐந்தாறு டிகிரி உள்ளே சாய்ந்துதான் இருக்கும். கம்பு மாதிரி நேராக இருந்தால்தான் சரி என்று எதிர்பார்க்க வேண்டாம்.

5. எந்தப் பக்கம் திறக்கப் போகிறார்கள்?

தோலில் விழும் கீறல் எப்படியும் பெரும்பாலும் முட்டியின் நடுவில்தான். தழும்பைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. தோலுக்கு அடியில், சிரட்டைக்கு எந்த ஓரமாக மூட்டைத் திறக்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

உள்பக்க ஓரமாகத் திறப்பது வழக்கமான பாதை. எல்லா எலும்பு டாக்டர்களும் இதில்தான் கைபழகியிருப்பார்கள். உள்ளே எல்லாம் விரிந்து தெரியும், திடீரென்று சிக்கல் வந்தால் மேலேயும் கீழேயும் நீட்டிக்கொள்ளலாம், மூடுவதும் எளிது. முட்டுக்காலிலும் பெரும்பாலானோர் இந்த வழியாகத்தான் செய்கிறார்கள், நன்றாகவே நடக்க வைக்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய இடங்கள் உண்டு. ஏற்கெனவே தொய்ந்துபோன பக்கம் வழியாகவே உள்ளே நுழைகிறோம். வில்காலில் உள்பக்கம் இறுகியிருப்பதால், எலும்பிலிருந்து அந்தப் பக்கத் தசையைத் தாராளமாக உரித்துத் தளர்த்துவது வழக்கம். அதே பழக்கத்தில் கை ஓடினால் முட்டுக்காலில் மிச்சமிருக்கும் பிடிமானமும் போய்விடும். பார்க்க வேண்டிய அளவுக்கு மேல் ஒரு நூல்கூட உரிக்கக் கூடாது. தளர்த்த வேண்டியதெல்லாம் எதிர்ப்பக்கத்தில், ஆழத்தில் இருக்கிறது. எட்டித்தான் செய்ய வேண்டும்.

அப்புறம் சிரட்டை. முட்டுக்காலில் அது வெளிப்பக்கம் நழுவியிருக்கும். மூட்டு மாற்றிய பிறகும் நழுவினால், வெளிப்பக்கம் பிடித்து இழுக்கும் திசுவை வெட்டித் தளர்த்துவார்கள். உள்பக்கம் திறந்தபோதே அந்தப் பக்கத்து ரத்தக்குழாய்கள் அறுந்திருக்கும். இப்போது வெளிப்பக்கமும் வெட்டினால் சிரட்டைக்குப் போகும் ரத்தம் குறைகிறது.

வெளிப்பக்க ஓரமாகத் திறப்பது இரண்டாவது பாதை. இறுகிய பக்கம் வழியாகவே நுழைவதால் திறப்பதே பாதித் தளர்த்தல். தொய்ந்த உள்பக்கம் தொடப்படாமல் இருக்கும். உள்பக்கத்து ரத்த ஓட்டம் அப்படியே சிரட்டைக்குப் போகும். சிரட்டையும் நடுவுக்கு வந்து உட்காரும்.

கேட்டால் இதுதானே சரி என்று தோன்றும். ஆனால் சிரட்டையை உள்பக்கமாகத் தள்ளி ஒதுக்குவது கஷ்டம். அதன் கீழ்த் தசைநார் கால் எலும்பில் கொஞ்சம் வெளிப்பக்கமாகவே ஒட்டியிருப்பதால் இறுகிப் பிடிக்கும். பலவந்தமாகத் தள்ளினால் பிய்ந்துவிடும் பயம். அதைத் தவிர்க்கச் சில சமயம் தசைநார் ஒட்டியிருக்கும் எலும்புத் துண்டையே சீவி எடுத்து, கடைசியில் ஸ்க்ரூ அல்லது கம்பியால் பொருத்துவார்கள். இன்னொரு சிக்கல் மூடுவதில். கோணலாக இருந்த கால் நேரானதும் வெளிப்பக்கம் நீளம் கூடிவிடும், திறந்த ஓரங்கள் ஒன்றோடொன்று எட்டாது. மூட்டுக்குள் இருக்கும் கொழுப்புத் திசுவைத் திருப்பி வைத்து அந்த இடைவெளியை மறைக்க வேண்டும். இது பழகிய கைக்குத்தான் வரும்.

என் கருத்தைக் கேட்டால்: முதல் தரக் கோணலுக்கு எந்தப் பாதை என்று கவலைப்படவே வேண்டாம். விறைத்து நிற்கும் பெரிய கோணல், கூடவே சிரட்டையும் நழுவியிருக்கிறது என்றால் மட்டும் கேளுங்கள். "வெளிப்பக்கம் ஏன் திறக்கல?" என்று சண்டைக்குப் போவது போலக் கேட்காமல், "டாக்டர், நீங்க முட்டுக்காலுக்கு எந்தப் பக்கம் திறந்து பழக்கம்?" என்று கேளுங்கள். பழகாத பாதையில் உங்கள் வற்புறுத்தலுக்காகப் போகிறவரைவிட, பழகிய பாதையில் கவனமாகப் போகிறவர் எவ்வளவோ மேல்.

6. உள்ளே வேலை நடக்கும் வரிசை

தொடை எலும்பின் கீழ் நுனியில் வெளிப்பக்கக் குமிழ் இவர்களுக்குச் சின்னதாக இருக்கும், பின்பக்கமும் தேய்ந்திருக்கும். வழக்கம்போல இரண்டு குமிழ்களின் பின்புறத்தையும் தொட்டு அளவெடுத்தால், வைக்கும் உலோகம் உள்பக்கம் திருகி உட்காரும், சிரட்டை மறுபடி நழுவும். அதனால் எலும்பின் இரு பக்கத்து மேடுகளை இணைக்கும் கோட்டையோ, நடுப் பள்ளத்தின் கோட்டையோ வைத்து அளவெடுப்பார்கள். கோணலில் கொஞ்சம்கூட மிச்சம் நிற்கக் கூடாது என்று, தொடை எலும்பை வழக்கமான ஐந்தாறு டிகிரிக்குப் பதில் 3 டிகிரியில் வெட்டுகிறவர்களும் உண்டு.

எலும்பு வெட்டிய பிறகுதான் தளர்த்தல். கால் நீட்டிய நிலையில் எது இறுக்கமோ அதை முதலில் விடுவிப்பார்கள். பெரும்பாலும் பின்-வெளிப்பக்க உறையும், இடுப்பிலிருந்து தொடையின் வெளிப்புறமாக இறங்கும் நீளப் பட்டையும்தான். பட்டையை முழுதாக அறுக்காமல், கத்தி முனையால் அங்கங்கே குட்டிக் கீறல் போட்டு, ஒவ்வொரு கீறலுக்கும் பிறகு காலைத் தள்ளிப் பார்ப்பதை நான் நின்று பார்த்திருக்கிறேன். மாவு சலிப்பது போலப் பொறுமையான வேலை. ஒரே வெட்டாக வெட்டினால் வெளிப்பக்கமும் தொளதொளத்து, ஆடும் மூட்டாகிவிடும்.

7. எந்த இம்ப்ளான்ட், அது முந்தைய நாளே வந்துவிட்டதா?

இம்ப்ளான்ட் என்பது உள்ளே வைக்கும் செயற்கை மூட்டு. உள்பக்க லிகமென்ட் பிடித்தால் சாதாரண வகை போதும். பிடிக்காவிட்டால், பக்கவாட்டில் ஆடாமல் தடுக்கும் மேடு வைத்த, எலும்புக்குள் தண்டு இறங்கும் வகை வேண்டும். மோசமான நிலையில் கீல் வைத்த வகை. முன்கூட்டி உறுதியாகச் சொல்ல முடியாது. திறந்து, தளர்த்தி, ஆட்டிப் பார்த்த பிறகுதான் தெரியும். ஆகவே இரண்டாம் மூன்றாம் தரக் கோணலுக்கு அந்தப் பெட்டி தியேட்டரில் தயாராக இருக்க வேண்டும். மதுரையிலிருந்து வண்டியில் வந்துகொண்டிருக்கிறது என்ற பதில் போதாது.

பணக் கணக்கும் இதில்தான் தப்பும். தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2017 ஆகஸ்டில் முழங்கால் இம்ப்ளான்ட்டுகளுக்கு உச்சவிலை வைத்தது. அதிகம் பயன்படும் கோபால்ட் குரோமியம் செட்டுக்கு அன்று வரி நீங்கலாக 54,720 ரூபாய். தண்டும் கூடுதல் துண்டும் சேரச் சேரத் தொகை ஏறும். அந்த மேல்வரம்பையும் முன்பே எழுத்தில் கேளுங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் செய்வதாக இருந்தால் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியிலானாலும் தனியார் ஆஸ்பத்திரியிலானாலும், அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் முன் அனுமதி வாங்கிய பிறகே தேதி குறியுங்கள். பெரிய வகை தேவைப்பட்டால் அது அனுமதிக்குள் வருமா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

8. வீட்டை முன்பே சரிசெய்யுங்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு கொத்தனாரைத் தேடாதீர்கள். வெஸ்டர்ன் டாய்லெட் அல்லது கமோட் நாற்காலி, கட்டில், கைப்பிடி உள்ள உயரமான நாற்காலி, குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, இவ்வளவும் தயாராக இருக்கட்டும். தரையில் சுளகை மடியில் வைத்து உட்கார்ந்து பீடி சுற்றுவது இனி இல்லை. ஆச்சிக்கு அவர் மகன் நாற்காலிக்கு ஏற்ற உயரத்தில் ஒரு மேசை அடித்துக் கொடுத்திருக்கிறார்.

9. முதல் இரவு: பாதத்தைப் பாருங்கள்

எல்லாப் படியிலும் நான் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன்.

முட்டிக்குக் கீழே வெளிப்பக்கம், சின்ன எலும்பின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு ஒரு நரம்பு போகிறது. பாதத்தையும் பெருவிரலையும் மேலே தூக்குவது அதன் வேலை. வருஷக்கணக்கில் கோணலாக இருந்த காலில் அந்த நரம்பு குறைந்த நீளத்துக்குப் பழகியிருக்கும். இரண்டு மணி நேரத்தில் காலை நேராக்கும்போது அது இழுபடும். முட்டி முழுதாக நீட்ட முடியாமலும் இருந்தவர்களுக்கு அபாயம் இன்னும் அதிகம்.

சில வருஷம் முன்பு ஓர் ஆஸ்பத்திரியில் மாலை நாலு மணிக்கு ஓர் அம்மா தியேட்டரிலிருந்து வந்தார். ஒன்பது மணிக்கு நான் போனபோது அறுவை செய்யாத காலை நன்றாக ஆட்டினார். செய்த காலின் பெருவிரல் அசையவில்லை. "மரத்துப்போற ஊசி இன்னும் விடல" என்றார்கள் வீட்டில். நானும் காலையில் பார்க்கலாம் என்று வந்துவிட்டேன். முதுகில் போடும் ஊசி விடும்போது இரண்டு காலும்தான் விடும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் வந்தேன். மறுநாள் கட்டைத் தளர்த்தி, முட்டியை மடக்கி வைத்தார்கள். அந்த அம்மா பெருவிரலைத் தூக்க ஏழு மாதம் ஆனது. அதுவரை பாதம் தொங்காமல் பிடிக்கும் பட்டை போட்டுத்தான் நடந்தார்.

ஆகவே, மற்றக் கால் அசையத் தொடங்கிய நேரத்திலிருந்து மணிக்கொரு தரம், "பெருவிரல மூக்கப் பாத்துத் தூக்குங்க" என்று சொல்லிப் பாருங்கள். கீழே அழுத்துவது கணக்கில்லை, அதற்கு வேறு நரம்பு. மேலே தூக்க வேண்டும். தூக்க முடியாவிட்டாலோ, பாதத்தின் மேல்பக்கம் தொட்டால் தெரியவில்லை என்றாலோ அப்போதே நர்ஸைக் கூப்பிடுங்கள். டாக்டருக்குப் போன் போகட்டும். இறுக்கமான கட்டைத் தளர்த்தி, முட்டியைக் கொஞ்சம் மடக்கினால் நரம்பின் இழுவை குறையும்.

வலிக்காகக் காலுக்குத் தனி ஊசி போட்டிருக்கிறார்களா என்று முன்பே கேட்டுவைப்பது நல்லது. சில ஊசிகள் இதே நரம்பையும் மரக்கச் செய்யும், அப்போது இந்தச் சோதனை பயன்படாது. இதற்காகவே முட்டுக்காலில் அந்த வகை ஊசியைத் தவிர்க்கும் மயக்க மருத்துவர்கள் உண்டு.

10. முதல் ஆறு வாரம்

பாதம் சரியாக இருந்தால் முட்டிக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள். சுகமாக இருக்கும், ஆனால் மடங்கியே இறுகிவிடும். தலையணை குதிகாலுக்கு அடியில் போகட்டும். அன்றோ மறுநாளோ வாக்கரோடு நிற்க வைப்போம். இரண்டு வாரத்தில் 90 டிகிரி மடக்குவது குறி. தையல் பிரிக்கும் வரை ஈரம் படக் கூடாது. பிரித்த பிறகும் காயம் முழுதாகக் காயாமல் தாமிரபரணியில் இறங்கிவிடாதீர்கள்.

எங்களிடம் வரும்போது டிஸ்சார்ஜ் சீட்டில் இரண்டு விவரம் இருக்க வேண்டும். உள்பக்க லிகமென்ட்டைத் தைத்தார்களா? சிரட்டைத் தசைநார் எலும்பைச் சீவிப் பொருத்தினார்களா? முதலாவது என்றால் பக்கவாட்டு ஆட்டத்தைத் தடுக்கும் பெல்ட் சுமார் ஆறு வாரம். இரண்டாவது என்றால் எலும்பு ஒட்டும் வரை காலை நீட்டித் தூக்கும் பயிற்சியையும், மடக்கும் அளவையும் டாக்டர் சொன்ன எல்லைக்குள் வைப்போம். சீட்டில் இல்லாவிட்டால் எழுதி வாங்கி வாருங்கள். பக்கத்து வீட்டு மதினி கேட்ட பெல்ட்டுக்கு அதுதான் பதில்: ஆச்சிக்கு உள்பக்கம் தைத்திருந்தார்கள்.

கைத்தடிக்கு மாறும்போது அறுவை செய்த காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். பத்துப் பேரில் ஆறேழு பேர் அதே பக்கக் கையில்தான் பிடித்துக்கொண்டு வருகிறார்கள்.

11. "கால் நீளமாயிட்டு" என்று சொல்லும்போது

மூன்றாவது வாரம் அநேகமாக எல்லோரும் சொல்வார்கள். வளைந்தது நேரானால் நீளம் கூடத்தான் செய்யும், இன்னொரு கால் கோணலாகவே நிற்பதால் வித்தியாசம் பெரிதாகத் தெரியும். நீங்களாகக் கடையில் உயரச் செருப்பு வாங்கிப் போடாதீர்கள். இடுப்பும் நடையும் பழக இரண்டு மூன்று மாதம் கொடுங்கள். அதன் பிறகும் தடுக்கினால் மறுபடி நின்ற நிலையில் முழுக்கால் படம் எடுத்து அளந்து, செருப்பில் எவ்வளவு ஏற்றுவது, இல்லை அடுத்த காலுக்குத் தேதி குறிப்பதா என்று டாக்டரோடு பேசலாம். முதல் நாள் எடுத்த போட்டோவை அன்றைக்கும் எடுத்துக்கொண்டு போங்கள்.